கம்பியில்லாத பழைய சுவரில் புது வாசல்: வெட்டுவதற்கு முன் என்ன செய்தீர்கள்?

ரசமட்டம்:

பழைய செங்கல் சுவரை வெட்டி வாசலோ ஜன்னலோ வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எப்படி உடைத்தோம், எவ்வளவு தூசி பறந்தது என்றெல்லாம் சொல்கிறோம், உடைப்பதற்கு முன் அந்தச் சுவருக்கு என்ன செய்தோம் என்பதை மட்டும் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. நான் தொடங்கி வைக்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

எங்கள் சுவர் 9 இன்ச், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. பழைய கூரையை எடுத்துவிட்டுப் பிற்காலத்தில் யாரோ இரண்டு பக்கமும் கான்கிரீட் தளம் போட்டு, அதற்கு மேலே மாடிச் சுவரும் எழுப்பியிருக்கிறார்கள். அதில் 2 மீட்டர் அகலத்துக்குத் திறக்க வேண்டும். முதலில் வந்த ஒப்பந்தக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லின்டல் ஒண்ணு போட்டுட்டு உடைச்சிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். மேலேயிருந்து எவ்வளவு பாரம் வருகிறது என்று கேட்டேன். சிரித்தார். சரி, இவர் வேண்டாம் என்று கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தேன்.

அவர் போட்ட கணக்கு இதுதான். மாடிச் சுவர் 3 மீட்டர் உயரம், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.3 டன் எடை. இரு பக்கத் தளத்திலிருந்தும் மீட்டருக்கு 2.4 டன். மொத்தம் 3.7 டன். 2 மீட்டர் திறப்பு என்றால் 7.4 டன், அதில் பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம் இறங்கும். செங்கல் சுவரில் திறப்புக்கு மேலே முக்கோணமாக இருக்கும் பகுதி மட்டும்தானே லின்டலுக்கு வரும், மீதி வளைவுபோல் பக்கவாட்டில் இறங்கிவிடுமே என்று நான் படித்த அறிவைக் காட்டினேன். அப்படி இறங்கத் திறப்புக்கு மேலே போதுமான உயரம் வேண்டும், வளைவு பக்கவாட்டில் தள்ளும் உதைப்பைத் தாங்க இரு பக்கமும் அகலமான சுவரும் வேண்டும் என்றார். எங்கள் திறப்புக்கு மேலே இரண்டடிகூட இல்லை, உடனே தளம். ஆக முழுப்பாரமும் உத்தரத்துக்குத்தான்.

நான் உத்தரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கவலைப்பட்டது அது உட்காரும் இடத்தைப் பற்றி. உத்தரத்தை 20 சென்டிமீட்டர் உள்ளே ஏற்றி வைத்தால் 23-க்கு 20 என்ற அளவில் 460 சதுர சென்டிமீட்டர் மீது 3,700 கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ. விரல் நகத்தால் சுரண்டினாலே உதிர்கிற எங்கள் கலவைக்கு அதில் பாதியைத்தான் நம்பலாம் என்று எடுத்துக்கொண்டார். அதனால் இரு பக்கமும் உத்தரத்தின் முனைக்கு அடியில் கான்கிரீட் தாங்குகல், 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு. அதிலும் ஒரு நிபந்தனை: உத்தரத்தின் பாரம் தாங்குகல்லின் நடுவில் இறங்க வேண்டும். விளிம்பில் இறங்கினால் கல் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை, முன்பக்கச் செங்கல்தான் நசுங்கும். நடுவில் உட்கார வைத்ததும் அழுத்தம் மூன்றரைக்கு வந்துவிட்டது. தாங்குகல்லுக்குக் கீழே தரை வரைக்கும் உள்ள சுவரில் பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்புகளில் உதிர்ந்த காரையைச் சுரண்டி, புதுக் கலவை திணித்து, உடைந்த கற்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். இவ்வளவும் முடிந்து காய்ந்த பிறகுதான் சுவரில் கட்டர் பட்டது.

தூக்குக்குண்டு:

இந்த மாதிரி வேலைகளை மேற்பார்வை பார்ப்பதுதான் என் தொழில். பெரும்பாலான இடங்களில் குழப்பம் வருவது வேலையின் வரிசையில். முட்டு, உடைப்பு, உத்தரம் என்று போகிறார்கள். நாங்கள் போவது முட்டு, உத்தரம், அப்புறம்தான் உடைப்பு.

9 இன்ச் சுவர் என்றால் உத்தரமாக இரண்டு இரும்புச் சேனல், அதாவது 'ப' வடிவ இரும்பு. தளத்துக்கு இரு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்துவிட்டு, சுவரின் ஒரு முகத்தில் மட்டும் 3 இன்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, முதல் சேனலை உள்ளே தள்ளுவோம். அதன் மேல்விளிம்புக்கும் மேலே உள்ள செங்கலுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தால்கூட, அந்த இடைவெளி மூடுகிற அளவுக்குச் சுவர் இறங்கிவிட்டுத்தான் சேனல் பாரம் வாங்கும். மாடியில் விரிசல் விழ அது போதும். அதனால் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவையைக் கிட்டத்தட்ட உலர்ந்த பதத்தில், கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது, அந்தப் பதத்தில் பிசைந்து, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்துத் திணிக்க வேண்டும். கரண்டியால் பூசிவிட்டுப் போகிற ஆள் இருந்தால் வேலையை நிறுத்திவிடுவேன். தண்ணீராகக் கலந்து அப்பினால் காய்ந்ததும் சுருங்கி, பழைய இடைவெளி திரும்ப வந்துவிடும். சுருங்காத கிரவுட் (ஊற்றி நிரப்பும் கலவை) என்று பையில் வருவதை ஊற்றினாலும் நல்லதுதான், ஆனால் அதற்கு அடைப்புப் பலகையை ஒழுங்காகக் கட்டத் தெரிய வேண்டும்.

அது இறுகக் குறைந்தது ஒரு வாரம். பிறகு மறுபக்கம் இதேபோல் இரண்டாவது சேனல். இரண்டையும் சுவரின் நடுப்பகுதியைத் துளைத்து போல்ட் போட்டு இறுக்கி, கீழே நடுச் செங்கல் நழுவாதபடி தகடு வைத்துப் பற்றவைப்போம். இவ்வளவுக்கும் கீழே சுவர் முழுசாக நிற்கும். அதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்தது, எந்தக் கட்டத்திலும் பாரம் அந்தரத்தில் தொங்குவதில்லை.

சேனல் அளவு பற்றி ஒரு வார்த்தை. ரசமட்டம் சார் சொன்ன பாரத்துக்கு வலிமைக் கணக்கில் 150 மில்லிமீட்டர் சேனல் இரண்டு தாங்கும். ஆனால் நடுவில் 4 மில்லிமீட்டர் தொய்யும். இரும்புக்கு அது ஒன்றுமில்லை, கம்பியில்லாத செங்கலுக்கு அது விரிசல். 200 மில்லிமீட்டர் போட்டால் தொய்வு 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொய்வைப் பார்க்காத கணக்கைச் செங்கல் வேலையில் நம்பவே மாட்டேன்.

இன்னும் தடிமனான சுவர், அல்லது வெளிமுகமும் உள்முகமும் தனித்தனியாக ஆடுகிற சுவர் என்றால் இது சரிவராது. அங்கே திறப்புக்கு மேலே சுவரைக் குறுக்கே துளைத்து, ஏறத்தாழ மூன்றடிக்கு ஒன்றாக இரும்புக் கட்டைகளை நுழைத்து, இரு முனையிலும் முட்டு கொடுக்க வேண்டும். முட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். டைல்ஸ் தரைமேல் வெறும் ஜாக்கியை வைத்து 2 டன் இறக்கினால் தரைதான் உள்ளே போகும். கீழ்த்தளம் இருந்தால் அங்கேயும் அதே இடத்துக்கு நேராக முட்டு வேண்டும்.

சுவர்க்கோழி:

பூச்சை முழுசாக எடுக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எங்கள் சுவரில் உத்தரம் வரவேண்டிய இடத்தில் பழைய ஜன்னல் ஒன்றை அடைத்திருந்தார்கள். வெளியே பார்த்தால் துளி அடையாளம் இல்லை. அடைப்புக் கற்கள் இரு பக்கச் சுவரோடும் கோக்காமல் சும்மா அடுக்கியிருந்தன, மேலே மரக்கட்டை லின்டல், அதைக் கரையான் தின்று தோல் மட்டும் மிச்சம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை போனது. அந்த மரத்தின் மேல்தான் இத்தனை காலமும் மாடி நின்றிருக்கிறது, அல்லது மரம் போன பிறகு செங்கலே வளைவுபோல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்னொரு திறப்பு வெட்டியிருந்தால் அந்தப் பிடிப்பும் போயிருக்கும்.

அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, இரு பக்கமும் பல் எடுத்து, பழைய சுவரோடு கோத்துக் கட்டிய பிறகுதான் மற்ற வேலை. சுவருக்குள் புகைபோக்கி, தண்ணீர்க் குழாய், ஒயர் இதெல்லாமும் இருக்கும். பூச்சை எடுக்கத் தூசிதானே செலவு.

கரணை:

நான் கொத்தனார். மேலே எல்லாம் செங்கல் கதை. கருங்கல் சுவர் வேறு மாதிரி.

ஒன்றரை இரண்டடித் தடிமன் கல் சுவரைப் பார்த்துவிட்டு இது மலைமாதிரி நிற்கும் என்று சொல்வார்கள். வெட்டிப் பார்த்தால் வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் எங்கேயோ ஒன்று இரண்டு இருக்கும், சில சுவரில் அதுவும் இருக்காது. இதில் வாசல் வெட்டினால் வெட்டின பக்கத்திலிருந்து நடுச் சில்லு கொட்ட ஆரம்பிக்கும், கொட்டக் கொட்ட முகக்கல் வயிறு தள்ளும்.

அதனால் இதற்கு முதல் வேலை உள்ளே பால்போல் நீர்த்த கலவையை ஏற்றுவது, கிரவுட்டிங். ஒன்றரை அடி இடைவெளியில் துளை போட்டு, குழாய் செருகி, வெளியே எல்லா இணைப்பையும் கலவையால் அடைத்துவிட்டு, அடியிலிருந்து மேலே போக வேண்டும். கீழ்க்குழாயில் விட்டால் பக்கத்துக் குழாயில் வடியும், அப்போது இதை அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. மேலிருந்து விட்டால் காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டு பாதி இடம் காலியாக நின்றுவிடும். நான் பார்த்த ஓர் இடத்தில் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று பெரிய பம்பை வைத்து அழுத்தினார்கள், முகக்கல் அப்படியே ஒரு கை அகலம் வெளியே பிதுங்கியது. நல்லவேளை யாரும் கீழே நிற்கவில்லை. பம்பே வேண்டாம், பத்தடி உயரத்தில் வாளியை வைத்து ஹோஸ் வழியாக இறக்கினாலே அரை பார் அழுத்தம் கிடைக்கும், பெரும்பாலும் அது போதும்.

எதை ஏற்றுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுண்ணாம்புச் சுவருக்குள் வெறும் சிமெண்ட் பால் வேண்டாம். அது கல்லைவிட இறுகி, ஈரத்தை வெளியே விடாமல், உப்பையும் கொண்டுவந்து சேர்க்கும். நாலைந்து மழைக்காலம் போனால் பூச்சு பொரிந்து விழும். நீரில் இறுகும் சுண்ணாம்பு கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். மண் சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் இதைத் தொடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். துளையைக் கழுவ விடுகிற தண்ணீரே மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

ஏணிப்படி:

நல்ல தகவல்கள். ஒரு சந்தேகம். எங்கள் கொத்தனார் அண்ணன், சுவரின் இரு பக்கமும் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) கட்டிப் பூசிவிட்டால் சுவர் கான்கிரீட் சுவர் மாதிரி ஆகிவிடும், லின்டல்கூடச் சின்னதாகப் போதும் என்கிறார். திறப்பைச் சுற்றி இரும்பு ஃபிரேம் எல்லாம் வீண் செலவாம். உண்மையா?

கடைக்கால்:

பாதி உண்மை. மெஷ் நல்ல விஷயம், ஆனால் அது லின்டலுக்கு மாற்று இல்லை, அது செய்வது வேறு வேலை.

இதுவரை எல்லோரும் மேலிருந்து கீழே வரும் பாரத்தைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். சுவருக்கு இன்னொரு வேலை உண்டு. நிலநடுக்கத்திலும் பெருங்காற்றிலும் கட்டிடத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது இந்தச் சுவர்கள்தான். பாரமே தாங்காத சுவர், தளம் அதன்மேல் உட்காரவில்லை, தாராளமாக வெட்டலாம் என்று சொல்வார்கள். அந்தச் சுவரும் பக்கவாட்டு வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. 12 அடி நீளச் சுவரின் நடுவில் 4 அடி வெட்டுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்குதானே போனது, மூன்றில் இரண்டு பங்கு பலம் மிச்சம் இருக்கும் என்று தோன்றும். திறப்பின் உயரம் 7 அடி, இரு பக்கமும் மிஞ்சுகிற 4 அடிச் சுவர்த்துண்டுகள் மேலும் கீழும் இறுகப் பிடித்திருக்கின்றன என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த உயரத்தில் சுவரின் விறைப்பு, அதாவது பக்கவாட்டில் வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, பழையதில் நாற்பது சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். துண்டு ஒல்லியாக ஒல்லியாக விறைப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். ரொம்ப ஒல்லியான துண்டில் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜன்னல்களுக்கு இடையே உள்ள சுவரில் பெருக்கல் குறி போட்டதுபோல் விரிசல் தெரியுமே, அது இந்தத் துண்டுகளின் மேல் வந்த விசைதான். 1933-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச், 2011-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், இரண்டு இடத்து நிலநடுக்கத்திலும் கம்பியில்லாத செங்கல் கட்டிடங்கள் எப்படிச் சரிந்தன என்ற படங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, ஒருமுறை பாருங்கள். லாங் பீச்சுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் புதிதாக இப்படிக் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

மெஷ் இங்கேதான் உதவும். மிஞ்சுகிற துண்டுகளின் இரு முகத்திலும் மெஷ் கட்டி, சுவரைத் துளைத்துக் கம்பி கொக்கியால் இரு பக்க மெஷையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றரை இரண்டு இன்ச் தடிமனுக்குக் கலவை ஏற்றினால் அந்தத் துண்டு பிளக்காமல் நிற்கும். பழைய பூச்சின் மேலேயே ஆணி அடித்து மெஷ் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அது சுவருக்குச் சட்டை மாட்டிவிடுவது மாதிரி, உள்ளே இருப்பதற்கு எந்தப் பலமும் சேராது. பூச்சை எடுத்து, இணைப்புகளை அரை இன்ச் ஆழம் சுரண்டி, நனைத்துவிட்டுத்தான் கலவை. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பலன் வெகுவாகக் குறையும். மெஷ் மேலே தளம் வரைக்கும் கீழே அஸ்திவாரம் வரைக்கும் போக வேண்டும், திறப்பைச் சுற்றி மட்டும் ஓர் அடிப் பட்டையாகப் போட்டால் விரிசல் அந்தப் பட்டை முடியும் இடத்துக்கு நகர்ந்து போகும்.

இரும்பு ஃபிரேம் எப்போது? மிஞ்சுகிற துண்டு ரொம்பக் குறைவு, அல்லது திறப்பு பெரிது என்றால். வெட்டி எடுத்த சுவர் தந்த விறைப்பை ஃபிரேம் திருப்பித் தர வேண்டும். அதனால் வாசல் நிலை மாதிரி மூன்று பக்கம் இருந்தால் பத்தாது, தரைக்கு அடியிலும் ஒரு கட்டை ஓடி நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும். மூலைகள் அசையாதபடி முழுசாகப் பற்றவைத்திருக்க வேண்டும். சுவரோடு ஒட்ட, ஒன்றிரண்டு அடிக்கு ஒரு கம்பியாக எபாக்ஸி பசையில் நட்டுப் பிணைக்க வேண்டும். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி விட்டு அதை நுரையால் அடைத்தால், நிலநடுக்கம் வரும்போது செங்கல் உடைந்த பிறகுதான் இரும்புக்கு வேலையே வரும். செங்கல் கொஞ்சம்கூட வளையாது, இரும்பு வளைந்துதான் வேலை செய்யும். அதனால் ஃபிரேமின் அளவை அதன் வலிமை தீர்மானிப்பதில்லை, விறைப்புதான் தீர்மானிக்கும். கடையில் கிடைக்கிற பெட்டிக்குழாயை வளைத்து ஃபிரேம் என்று வைத்தால் உங்கள் கொத்தனார் அண்ணன் சொன்னது சரி, அது வீண் செலவுதான்.

ஏணிப்படி:

ஆக மெஷும் வேண்டும், உத்தரமும் வேண்டும். சரி, அண்ணனிடம் காட்டுகிறேன். கோபித்துக்கொள்வார்.

வைரபிளேடு:

நான் கட்டிங் வேலை செய்பவன். பலப்படுத்தியாகிவிட்டது என்று நம்பி பிரேக்கரை எடுத்து அடிக்காதீர்கள். அந்த அதிர்வில் புதிதாகத் திணித்த கலவைதான் முதலில் உதிரும். சுண்ணாம்புச் சுவர் என்றால் பத்தடி தள்ளியிருக்கும் பூச்சும் சேர்ந்து விழும்.

சுற்றுக்கோட்டை வைர பிளேடால் இரு பக்கமும் அறுத்துவிட்டு, உள்ளே உள்ளதை மேலிருந்து வரிவரியாகக் கையால் எடுக்கலாம். இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் மூலை. வட்ட பிளேடால் மூலை வரைக்கும் முழு ஆழத்தில் அறுக்க வேண்டுமென்றால் முகத்தில் கோடு மூலையைத் தாண்டி ஓடும். பிளேடு பெரிதாக ஆக தாண்டுவதும் அதிகம். அந்தக் கூடுதல் வெட்டு போய் நிற்கும் இடம் தாங்குகல்லுக்கு நேர் கீழே. இவ்வளவு கணக்குப் போட்டு வைத்த இடத்தை நாமே அறுத்துவிட்டுப் போவோம். மூலைகளில் முதலில் கோர் கட்டர் வைத்து ஒரு துளை போட்டுவிட்டால் பிளேடை அங்கேயே நிறுத்தலாம், மிச்சத்தைச் செயின் சாவிலோ உளியிலோ எடுக்கலாம். வேலை தொடங்கும் முன் "மூலையைத் தாண்டி வெட்டக்கூடாது" என்று சொல்லி, சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்துவிடுங்கள். எழுதி வைத்த இடங்களில் ஆட்கள் கவனமாக இருக்கிறார்கள், இது என் கண்கூடு.

தண்ணீர் ஊற்றி அறுக்கும்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். கரணை அண்ணன் சொன்ன மண் சாந்துச் சுவரில் நான் தண்ணீரே விடுவதில்லை, தூசி உறிஞ்சும் மெஷின் வைத்து உலர்வாகத்தான்.

ரசமட்டம்:

முட்டு எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன்பே மாடிச் சுவரில் இருந்த பழைய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி பட்டென்று உடையும். மாடியில் யாரும் குடியிருக்கவில்லை, அது வசதியாகப் போனது. வெட்டி முடித்ததும் ஆட்கள் எல்லா ஜாக்கியையும் ஒரே நேரத்தில் கழற்றப் போனார்கள், பொறியாளர் விடவில்லை. ஒவ்வொரு ஜாக்கியையும் கால் சுற்று மட்டும் தளர்த்துவது, வரிசை முழுக்க ஒரு சுற்று போய் வருவது, மாடிக்குப் போய்க் கண்ணாடியைப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒரு கண்ணாடியில் மட்டும் மயிரிழைக் கீறல் வந்தது, அன்றைக்கு அதோடு நிறுத்தினோம். மறுநாள் அது வளரவில்லை என்று பார்த்த பிறகுதான் மிச்சத்தைத் தளர்த்தினோம். எல்லா முட்டும் எடுத்த பின்னும் மற்றக் கண்ணாடிகள் முழுசாகவே இருந்தன.

தூக்குக்குண்டு சார், நீங்கள் சொன்னதுபோல் சேனல் 200 மில்லிமீட்டர்தான். அந்தக் கீறல் தொய்வால் வந்ததா, தாங்குகல் உட்கார்ந்ததால் வந்ததா?

தூக்குக்குண்டு:

உத்தரத்தின் நடுவுக்கு நேர் மேலே வந்திருந்தால் தொய்வு. முனைக்கு மேலே சாய்வாக வந்திருந்தால் தாங்குகல். எப்படியும் நின்றுவிட்டது என்றால் பயமில்லை. சுண்ணாம்புக் கலவை போட்டே அடைத்துவிடுங்கள், சிமெண்ட் வேண்டாம்.

திண்ணை:

எங்கள் அனுபவம் சின்னது. அலமாரி வைக்க வசதியாக இருக்கும் என்று சுவரின் மூலையை ஒட்டியே ஜன்னல் கேட்டிருந்தோம், மூலையிலிருந்து ஓர் அடிகூட இல்லை. வந்து பார்த்த பொறியாளர் அங்கேயே வேண்டுமென்றால் மூலை முழுக்க மெஷ், இரண்டு சுவரையும் சேர்த்துக் கட்டும் கம்பி, நாலு பக்க ஃபிரேம் என்று ஒரு பட்டியல் போட்டார். மூலைதான் இரண்டு சுவரும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் இடமாம், அங்கே வில்வளைவின் உதைப்பைத் தாங்கவும் எதுவும் மிஞ்சாதாம். நாலடி தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டார். பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிட்டார். இப்போது லின்டலும் இரு பக்கமும் இணைப்புகளுக்குப் புதுக் கலவையும் மட்டும்தான். அலமாரி எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது.